தாயில்லாக் குஞ்சுகளின் முதல் ஆறு கிழமைகள்

இடம்பெயர்ந்து வந்து புதிதாகக் குடியமரும் குடும்பங்களுக்கு உதவித் திட்டங்களின் மூலம் முதலில் வந்து சேர்பவற்றுள் கோழிக்குஞ்சும் ஒன்று. மாட்டுக்கு மேய்ச்சல் தரை வேண்டும், ஆட்டுக்குக் குழை வேண்டும். கோழிக்குச் சிறிய வளவு போதும் என்று எண்ணியே அவ்வாறு கொடுக்கிறார்கள். பத்தோ இருபதோ குஞ்சுகள் ஒரு கடதாசிப் பெட்டிக்குள் வந்திறங்கும். மூன்று மாதங்களின் பின் அந்த வளவுக்குப் போய்ப் பார்த்தால் இரண்டோ மூன்றோ மட்டும் நிற்பதைக் காண்பது புதிதல்ல. “எங்களுக்குக் கோழி ராசியில்லை” என்பார் ஒருவர். “இந்த இனம் எங்கட மண்ணுக்குச் சரிவராது” என்பார் இன்னொருவர்.

ராசியிலும் குறையில்லை, மண்ணிலும் குறையில்லை. 1990இலும் 1995இலும் 2009இலும் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்கள் கூட்டைத் திறந்து விட்டுவிட்டு வந்த கோழிகளை எண்ணிப் பாருங்கள். அவை யாரும் வளர்த்து வளர்ந்தவை அல்ல, தாய்க்கோழி வளர்த்தவை. வீட்டுக்காரர் காலையில் ஒரு பிடி குறுணல் எறிந்தார், மாலையில் கூட்டை அடைத்தார், அவ்வளவுதான். மற்ற வேலையெல்லாம் பேட்டினுடையது. பெட்டியில் வரும் குஞ்சோ பொறியில் பொரித்தது. அது தாயைக் கண்டதேயில்லை. பேடு செய்த வேலை முழுவதையும் இப்போது ஒரு மனிதர் செய்தாக வேண்டும். இதை யாரும் சொல்லிக் கொடுக்காமல் குஞ்சை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் குஞ்சுகள் சாவதில் வியப்பில்லை.

ஆகவே தாய்க்கோழி என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

சூடு

கோழியின் உடற்சூடு ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ். மனிதருக்குக் காய்ச்சல் என்று சொல்லும் சூட்டிலும் கூடியது. பொரித்த குஞ்சின் மேலிருப்பது பஞ்சு போன்ற மென்மயிர், அது இறகல்ல. அதனால் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளக் குஞ்சால் இயலாது. நாலு ஐந்து கிழமைகளில் இறகு முளைத்து மூடும்வரை அடிக்கடி தாயின் இறக்கைக்குள் ஓடிச் சூடேற்றிக்கொண்டு மீண்டும் மேய வரும். குளிரில் விறைத்த குஞ்சு தீன் தின்னாது, நீர் குடிக்காது. தீன் முன்னே கிடக்கவே பசியால் செத்துப்போகும்.

முதற் கிழமையில் குஞ்சு நிற்கும் இடத்தில் 35 பாகை அளவு சூடு வேண்டும். பின்னர் கிழமைக்கு மூன்று பாகை வீதம் குறைத்து வரலாம். இரண்டாம் கிழமை 32, மூன்றாம் கிழமை 29, நாலாம் கிழமை 26. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் சித்திரை, வைகாசிப் பகற்பொழுதில் இந்தச் சூடு தானாகவே இருக்கும். இரண்டாம் கிழமைக்குப் பின் பகலில் எதுவும் செய்யத் தேவையில்லை. ஆனால் மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வீசும் இரவு வேறு. அப்போது நாலு கிழமைவரையும் இரவில் சூடு கொடுத்தே ஆகவேண்டும்.

வெப்பமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், குஞ்சுகளே வெப்பமானி. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கீச்சிட்டால் குளிர். சூடு வரும் இடத்தைவிட்டு ஓரத்துக்கு ஒதுங்கி, வாயைத் திறந்து இளைத்தால் சூடு கூடிவிட்டது. எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தால் மறுபக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவிப் படுத்து, இடைக்கிடை எழுந்து தின்றுகொண்டு, மெல்லிய சத்தத்துடன் இருந்தால் எல்லாம் சரி.

மின்சாரம் உள்ள வீடுகளில் முன்பு 40 அல்லது 60 வாட் மின்குமிழ் ஒன்றைத் தொங்கவிட்டால் இருபது முப்பது குஞ்சுகளுக்குப் போதுமாயிருந்தது. இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை எல்.ஈ.டி. மின்குமிழ்கள். அவை வெளிச்சம் தரும். குஞ்சுக்குப் போதிய சூடு தரமாட்டா. வெளிச்சத்தைக் கண்டு சூடு இருக்கிறது என்று நம்பிப் படுத்துவிட்டால் காலையில் குஞ்சுகள் விறைத்துக் கிடக்கும். உள்ளே இழை எரியும் பழைய வகைக் குமிழையோ, சூட்டுக்கென்றே விற்கும் சிவப்புக் குமிழையோ கேட்டு வாங்குங்கள். குமிழ் கடதாசியிலோ உமியிலோ முட்டாதபடி தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் தொங்க வேண்டும். சூடு கூடினால் உயர்த்தவும், குறைந்தால் பதிக்கவும் கூடியதாகக் கயிற்றில் கட்டிவிடுங்கள்.

மின்சாரம் இல்லாத இடத்தில் எளிய வழி சுடுநீர்ப் போத்தல். இரண்டு மூன்று போத்தல்களில் சுடுநீர் நிரப்பி, இறுக மூடி, சாக்குத் துணியால் சுற்றிக் குஞ்சுகளுக்கு நடுவே வையுங்கள். இரவில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து நீரை மாற்ற வேண்டியிருக்கும். கடினமான வேலைதான், ஆனால் முதல் இரண்டு கிழமைகளுக்குத்தான். சட்டியில் தணல் வைத்துச் சாம்பலால் மூடிப் பாவிப்பவர்களும் உண்டு. தணலிலிருந்து வரும் நச்சுப்புகைக்கு மணமுமில்லை நிறமுமில்லை. ஆட்கள் படுக்கும் கொட்டிலுக்குள் கதவை அடைத்துவிட்டுத் தணற்சட்டியை வைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். கிடுகுக் கொட்டிலுக்குள் அரிக்கன் லாம்பைத் தொங்கவிடுவதும் அப்படியே. பத்துக் குஞ்சுகளுக்காக இருக்கும் கூரையையும் இழக்க வேண்டுமா?

எத்தியோப்பியாவின் கிராமங்களில் இன்னொரு முறை பயன்பட்டு வந்திருக்கிறது. வைக்கோற் பெட்டி என்பார்கள். ஒரு மரப்பெட்டியின் உட்பக்கம் முழுவதும் வைக்கோலைத் திணித்து, நடுவில் ஒரு சிறு குழியறை விட்டு, மேலே வைக்கோல் நிரப்பிய சாக்கை மூடியாக இடுவார்கள். காற்றுக்குச் சில துளைகள் இருக்கும். விளக்கு இல்லை, தணல் இல்லை. இருபது முப்பது குஞ்சுகளின் சொந்தச் சூடே வெளியேறாமல் அறைக்குள் தங்கிவிடுகிறது. சூடு போதாத குளிர் இரவில் ஒரு சுடுநீர்ப் போத்தலையும் உள்ளே வைக்கலாம். நாலைந்து குஞ்சுகள் மட்டும் உள்ளவர்களுக்கு இந்த முறை உதவாது; அவற்றின் சூடு அறையை நிரப்பாது. சூடடிப்புக்குப் பின் வைக்கோல் கிடைக்கும் வயற்புறங்களில் செய்து பார்க்கத்தக்கது.

இவை எல்லாவற்றிலும் மேலான ஒரு வழி, அயலில் அடைக்கோழி ஒன்று கிடைத்தால் உண்டு. சில நாட்களாக அடை கிடக்கும் பேட்டின் கீழ், ஒருநாட் குஞ்சுகளை இருட்டிய பின் ஒவ்வொன்றாகச் செருகிவிடுங்கள். விடிந்ததும் தான் பொரித்தவை என்றே பேடு ஏற்றுக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளை ஒரு நாட்டுப்பேடு மூடி வளர்க்கும். பகலில் செருகினாலோ, குஞ்சு ஒரு கிழமையைத் தாண்டிவிட்டிருந்தாலோ கொத்தித் துரத்தக்கூடும்.

இடம்

குஞ்சை வட்டமான அடைப்புக்குள் வையுங்கள். தகரம், பாய், கடதாசி மட்டை எதுவும் சரி. ஒன்றரை அடி உயரம் போதும். மூலை இருந்தால் பயந்த குஞ்சுகள் அந்த மூலையில் ஒன்றையொன்று நசுக்கிச் சாகும், வட்டத்தில் மூலையில்லை. இருபது குஞ்சுகளுக்கு முதலில் மூன்றடி அகலம் போதும், கிழமைக்குக் கிழமை அகட்டிக்கொண்டு வரவேண்டும். தரையில் இரண்டு அங்குல உயரத்துக்கு உலர்ந்த உமி பரப்பி, முதல் மூன்று நாட்களுக்கு அதன்மேல் சாக்கை விரித்துவிடுங்கள். புதுக்குஞ்சுக்கு உமிக்கும் தீனுக்கும் வேறுபாடு தெரியாது. வழுவழுப்பான தாளை விரித்தால் கால் வழுக்கி இரு பக்கமும் விரிந்து முடமாகிவிடும்.

நனைந்த உமியை அன்றன்றே அள்ளி வெளியே போடுங்கள். ஈரமான தரையில்தான் இரத்தக் கழிச்சல் பிறக்கிறது. அதைப் பற்றிப் பின்னர் சொல்வேன்.

நீரும் தீனும்

குஞ்சுப்பெட்டி வீட்டுக்கு வந்ததும் முதலில் நீர், பிறகே தீன். பொரிக்கும்போது வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சட்கருவால் குஞ்சு இரண்டு நாள்வரை தின்னாமல் தாக்குப்பிடிக்கும். தொலைவிலிருந்து வரும் பெட்டியில் வாட்டுவது பசியல்ல, தாகமே. ஒரு லீற்றர் ஆறிய கொதிநீரில் நாலு மேசைக்கரண்டி சீனி கரைத்து முதல் நாள் மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து அலகின் நுனியை நீரில் ஒருமுறை தோய்த்துவிட்டால் குடிக்கப் பழகிவிடும். இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்துத் தீனைத் தூவலாம்.

அகன்ற பாத்திரத்தில் நீர் வைத்தால் குஞ்சு உள்ளே விழுந்து நனைந்து குளிரில் சாகும். வாய் அகன்ற பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் விளிம்பருகே சிறு துளையிட்டு, நீர் நிரப்பி, தட்டையான தட்டின்மேல் கவிழ்த்து வையுங்கள். துளை தட்டின் விளிம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். துளை மட்டத்துக்கு நீர் வந்ததும் ஓட்டம் நின்றுவிடும். குஞ்சு குடிக்கக் குடிக்கத் தானே ஊறும். இது இயலாதபோது தட்டில் சிறு கூழாங்கற்களை இட்டு இடைவெளியில் நீர் நிற்கச் செய்யுங்கள். நாளுக்கு இருமுறை கழுவி மாற்ற வேண்டும். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் கிணற்று நீர் உவராக இருக்கும் இடங்களில் குடும்பத்துக்கெனக் கொண்டுவரும் நன்னீரிலிருந்தே குஞ்சுக்கும் எடுங்கள். பத்துக் குஞ்சுக்கு முதற் கிழமையில் நாளொன்றுக்கு ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான் செல்லும். குஞ்சின் சிறுநீரகம் உப்பைத் தாங்காது.

இனித் தீன். பலர் குறுணலை மட்டும் போட்டு வளர்க்கப் பார்க்கிறார்கள். குறுணலில் புரதம் நூற்றுக்கு 8 வீதமளவே. முதல் ஆறு கிழமைகளில் குஞ்சுக்கு வேண்டியது 20 வீதம். தவிட்டில் 12, 13 வீதம் இருக்கும். தேங்காய்ப் பிண்ணாக்கில் 20 வீதம் இருந்தாலும் நார் அதிகம். குஞ்சின் சிறு வயிற்றில் சமிக்காது. ஆகவேதான் குறுணலில் வளரும் குஞ்சு உயிரோடு இருந்தாலும் இறகு முளைக்காமல், இறக்கை தொங்கி, சாம்பிப்போய் நிற்கும். அது நோயல்ல, பட்டினி.

முதல் நாலு கிழமைகளுக்குக் கடைக் குஞ்சுத்தீனை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். முதற் கிழமையில் ஒரு குஞ்சு நாளுக்கு 10 கிராம் அளவே தின்னும். ஆறு கிழமை முடியும்போது மொத்தம் ஏறக்குறைய ஒரு கிலோ தின்றிருக்கும். பத்துக் குஞ்சு என்றால் பத்துக் கிலோ. அந்தப் பணம் கையில் இல்லாவிட்டால் பத்துக் குஞ்சு கேட்காமல் ஐந்து கேளுங்கள். கொடுப்பவர் நீட்டுகிறார் என்பதற்காகத் தீனில்லாமல் இருபதை வாங்கிச் சாகவிடுவதில் யாருக்கும் நன்மையில்லை. வாங்கும்போது முட்டைக்கோழித் தீனை மாறி வாங்கிவிடாதீர்கள். அதில் முட்டையோட்டுக்காகச் சேர்த்துள்ள சுண்ணாம்புச்சத்து வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

நாலாம் கிழமையிலிருந்து குறுணலும் தவிடும் சிறிது சிறிதாகக் கலக்கலாம். அப்படிக் கலக்கும்போது குறையும் புரதத்தை ஈடுசெய்ய நம் கையிலேயே ஒரு பொருள் இருக்கிறது: கறையான். எங்கள் பாட்டிமார் இதை நன்கு அறிந்திருந்தார்கள். பழைய மண்பானை அல்லது பெரிய சிரட்டைகளுக்குள் ஈரமான வைக்கோல், காய்ந்த சாணம், பொச்சு ஆகியவற்றைத் திணித்து, கறையான் ஓடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து, சிறிது நீர் தெளித்து, மேலே ஈரச்சாக்குப் போட்டு விடுங்கள். மறுநாள் வெயில் ஏறுமுன் தூக்கிக்கொண்டு வந்து குஞ்சுகளின் முன் தட்டிவிட்டால் நொடியில் பொறுக்கிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட பானைகளை இடம் மாற்றி மாற்றி வைத்தால் நாள்தோறும் கிடைக்கும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுப் பாருங்கள், விளையாட்டாகச் செய்வார்கள். புற்றைக் கிளற மட்டும் அவர்களை விடாதீர்கள். உள்ளே பாம்பு இருக்கக்கூடும். கறையான் மருந்து அடித்த இடத்திலிருந்தும், கிருமிநாசினி தெளித்த தோட்டத்து வரம்பிலிருந்தும் எடுக்கக்கூடாது. செத்த விலங்கில் நெளியும் புழுக்களைக் கொடுப்பதும் ஆபத்து. அவற்றில் தங்கியிருக்கும் நஞ்சினால் கோழியின் கழுத்துத் தளர்ந்து தொங்கிவிடும்.

உப்பில்லாமல் காயவைத்த சிறுமீனை இடித்துச் சிறிதளவு சேர்க்கலாம். உப்புக் கருவாடு கூடாது; அதைத் தின்ற குஞ்சுகள் நீரை நீராகக் குடித்துத் தள்ளாடிச் சாகும். முருங்கையிலையைக் காம்பு நீக்கி அரிந்து நாளுக்கு ஒரு பிடி போடுவது நன்று. வேலியில் நிற்கும் கிளிசரிடியாவை ஆடு தின்கிறது என்பதற்காகக் குஞ்சுக்குப் போடாதீர்கள், நஞ்சு. இபில் இபில் இலையும் அளவுமீறினால் வளர்ச்சியைத் தடுக்கும். பச்சை மரவள்ளித் தோலிலும் நஞ்சு உண்டு. நன்கு வெயிலில் காய்ந்த பின்பே எந்தக் கோழிக்கும் கொடுக்கலாம். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கையும் சோளத்தையும் “கோழிதானே தின்னட்டும்” என்று கொட்டுவோர் பலர். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைத் தாக்குகிறது. மாரிகாலத்தில் ஒரு கிழமைக்கு வேண்டிய தீனுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள்.

நோய்

கோழிகளைக் கூட்டத்தோடு அழிப்பது ராணிக்கெட் நோய். பச்சையாகக் கழியும், மூச்சு இழுக்கும், கழுத்துத் திருகும், சில நாட்களில் வளவே வெறுமையாகும். மஞ்சள், வேப்பிலை, மனிதருக்குக் கொடுக்கும் குளிசை எதுவும் இதற்கு மருந்தல்ல. வந்தபின் செய்ய ஒன்றுமில்லை. வருமுன் தடுப்பு மருந்து போடலாம். ஏழாம் நாளளவில் கண்ணில் ஒரு துளி. பின்னர் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் சொல்லும் நாட்களில் மீண்டும். இதில் சிக்கல் என்னவென்றால் ஒரு சிறு குப்பியில் நூறு கோழிக்கோ அதற்கு மேலோ மருந்து இருக்கும். கரைத்தபின் இரண்டு மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். கொண்டுவரும் வழியெல்லாம் ஐஸ் கட்டியோடு இருக்க வேண்டும். பத்துக் குஞ்சு உள்ளவர் தனியாக என்ன செய்வார்? ஒரு ஒழுங்கையில் உள்ள பத்துக் குடும்பங்கள் ஒரே நாளில் குஞ்சு எடுத்து, ஒரே காலையில் ஒருவர் வளவில் எல்லாவற்றையும் கொண்டுவந்து போட்டால் ஒரு குப்பி போதும். வெயில் ஏறுமுன் வேலையும் முடியும். மாதர் சங்கங்கள் இதைப் பொறுப்பேற்கலாம்.

இரத்தக் கழிச்சல் மூன்றாம் கிழமைக்கும் ஆறாம் கிழமைக்கும் இடையில் வரும். குஞ்சு இறகைச் சிலிர்த்துக் கண்மூடி நிற்கும். எச்சத்தில் இரத்தம் தெரியும். இதற்கு நீரில் கலக்கும் மருந்து உண்டு. அதே நாளில் கால்நடை வைத்தியரிடம் கேட்டு வாங்கினால் மற்றவற்றைக் காப்பாற்றலாம். நனைந்த உமியை முழுவதும் அகற்றிப் புதிது போடாவிட்டால் மருந்தினால் பயனில்லை.

வெளியிலிருந்து வாங்கிய கோழியை இரண்டு கிழமை தனியே கட்டிவைத்த பின்பே மற்றவற்றோடு விடுங்கள். செத்ததைக் குளத்திலோ பற்றைக்குள்ளோ எறியாமல் ஆழமாகப் புதையுங்கள்.

ஒரு நாளின் வேலை

விடிந்ததும் முதலில் குஞ்சுகளை எண்ணுங்கள். நீரை மாற்றுங்கள், மிஞ்சிய தீனை நீக்கிப் புதிது போடுங்கள், நனைந்த உமியை அள்ளுங்கள். எச்சத்தைப் பாருங்கள். மதியம் ஒருமுறை நீரும் தீனும். பொழுதுபடுமுன் ஒவ்வொரு குஞ்சின் இரைப்பையையும் விரலால் தொட்டுப் பாருங்கள். நிறைந்து மென்மையாக இருக்க வேண்டும். வெறுமையாக இருக்கும் குஞ்சை மற்றவை தின்னவிடாமல் தள்ளுகின்றன. அதைப் பிரித்துத் தனியே தீன் காட்டுங்கள். பிறகு இரவு பத்து மணியளவில் ஒருமுறை எழுந்து பார்த்தல். முதல் இரண்டு கிழமைகளில் நான் மிக வற்புறுத்துவது இதையே. குளிரில் குவிந்து நசிவதும், எலி வருவதும், மின்சாரம் நின்றுபோவதும் இரவில்தான். தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் தாய்மார் பகல் முழுவதும் கூலிக்குப் போய் வந்து இதையும் செய்ய வேண்டுமா என்று கேட்டால், அதற்காகத்தான் குஞ்சுகளைக் குறைத்து எடுங்கள் என்கிறேன். மூத்த பிள்ளையோ பாட்டியோ மதிய வேலையை ஏற்றுக்கொண்டால் பாரம் குறையும்.

மூன்றாம் கிழமை முதல் இளவெயிலில் ஒரு மணித்தியாலம் வெளியே விடலாம். காகமும் பருந்தும் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். கீரி வேலிக்குள் இருக்கும். கரப்பால் மூடியோ, பழைய மீன்வலையை மேலே கட்டியோ விடுங்கள். கரப்பை நாள்தோறும் வேறு இடத்துக்கு நகர்த்தினால் புதுப்புல்லும் புழுவும் கிடைக்கும், எச்சமும் ஓரிடத்தில் சேராது.

ஆறாம் கிழமை முடிவில் உடல் முழுவதும் இறகு மூடியிருந்தால் கூட்டுக்கு மாற்றலாம். முதல் சில மாலைகளில் நீங்களே பிடித்து உள்ளே விடுங்கள். பிறகு தாமாகவே வந்து ஏறும். கூட்டின் ஒரு மூலையில் உலர்ந்த சாம்பலும் மணலும் கலந்து வைத்தால் அதில் புரண்டு பேனை உதிர்த்துக்கொள்ளும். சிப்பியை இடித்து வைப்பதற்கு இன்னும் காலம் உண்டு. ஐந்தாம் ஆறாம் மாதத்தில் பேட்டின் கொண்டை சிவந்து, முட்டையிட இடம் தேடித் திரியத் தொடங்கும்போது ஒரு சிரட்டையில் தனியாக வையுங்கள். வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும்.